தெருப் பணிக்கு வீட்டுக்காரர் பங்கு: தலைக்கட்டா, அடிக்கணக்கா?

வாடைக்காற்று:

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் ஒரு பேரூர். சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால் ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். 2024ஆம் ஆண்டு எங்கள் தெருவை நமக்கு நாமே திட்டத்தின்கீழ் பேவர் பிளாக் பதித்துப் புதுப்பிக்க முடிவானது. 1997-98இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2021இல் மீண்டும் வந்த திட்டம் அது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு ஏற்கும். எஸ்டிமேட் 18 லட்சம், எங்கள் பங்கு 6 லட்சம், வீடுகள் 75.

ஊர்க்கூட்டத்தில் பத்தே நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டார்கள். முளைக்கொட்டுத் திருவிழாவுக்குப் போடுவதைப் போலவே தலைக்கட்டு வரியாக வீட்டுக்கு 8,000 ரூபாய். தெருமுனையில் 60 அடி முகப்போடு நிற்கும் மாடி வீட்டுக்கும் நடுவில் 10 அடி முகப்பில் ஒடுங்கியிருக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒரே தொகை. மறுநாள் நானே டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தேன். மொத்த முகப்பு 1,200 அடி வந்தது. அடிக்கு 500 ரூபாய் என்று வைத்திருந்தால் மாடி வீட்டுக்காரர் 30,000 ரூபாயும் ஓட்டு வீட்டுக்காரர் 5,000 ரூபாயும் கட்டியிருப்பார்கள். திருவிழா எல்லாருக்கும் பொது என்பதால் தலைக்கட்டு வரி நியாயம். ஆனால் யார் வாசலில் எத்தனை அடி கல் விழுகிறது என்று அளந்து சொல்லக்கூடிய ஒரு வேலைக்கு அதே கணக்கைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிட மனத்தை வருத்தியது பணம் கேட்ட காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்திருந்தார். வீட்டுக்குப் போட்ட தொகையும் சரியாக அதே 8,000. கணவரை இழந்த பக்கத்து வீட்டு அக்கா பதினாறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை முந்தானையிலிருந்து அவிழ்த்து இரண்டு முறை எண்ணி வைத்துவிட்டு, "தம்பி, ரசீது தருவீகளா?" என்று கேட்டார். வசூல் செய்தவர்களிடம் ரசீதுப் புத்தகமே இல்லை. இது மக்கள் மனமுவந்து கொடுக்க வேண்டிய பங்களிப்பு என்பதையும் அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் நான்கு பேராக எழுந்து கேட்ட பிறகுதான் பெயரும் தொகையும் எழுதிய பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. ரசீது கைக்கு வர மேலும் இரண்டு மாதங்கள் ஆயின.

கரைவலை:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. நான் பிறந்து வளர்ந்தது கீழக்கரை. வேலை நிமித்தம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வீடு வாங்கிக் குடியிருக்கிறேன். இங்கே நகராட்சி ஒரு தெருவை அடியோடு பெயர்த்துப் புதிதாகப் போடும்போது, செலவில் ஒரு பகுதியை அந்தத் தெருவின் வீட்டுக்காரர்கள் மேல் சுமத்தச் சட்டம் இடம் தருகிறது. பல ஊர்களில் முகப்பு அளவை வைத்தே பிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பணியால் வீட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு உயருமோ அதற்கு மேல் ஒரு டாலர்கூட வசூலிக்கக் கூடாது. தொகையைக் குறிப்பிட்டுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, பொது விசாரணை நடத்திய பிறகே முடிவு செய்ய வேண்டும். சொத்து வரியோடு சேர்த்து வட்டியுடன் பல ஆண்டுத் தவணையாகக் கட்டலாம். 65 வயது நிரம்பி, சிரமத்தில் இருப்பவர்களுக்குத் தள்ளிவைக்கவும் நகராட்சிக்கு அதிகாரம் உண்டு.

எனக்கு 6,200 டாலர் வந்தது. விசாரணையில் எழுந்து நின்று என் மறுப்பை விளக்கமாகச் சொன்னேன். சொன்னது போதும் என்று நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுப்பை எழுதிக் கையெழுத்திட்டு, விசாரணைக்கு முன்போ விசாரணையின்போதோ கொடுத்தவர்கள் மட்டுமே நீதிமன்றத்துக்குப் போக முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. முழுத் தொகையையும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே அந்த அக்கா கேட்ட ரசீதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

உப்பளத்தான்:

எங்கள் தெருவிலும் பங்கு கட்டினோம். பங்கில் சண்டை வரவில்லை, மட்டத்தில்தான் வந்தது. பழைய சிமென்ட் தளத்தை உடைக்காமல் அதன் மேலேயே மணலைக் கொட்டிக் கல் பதித்ததால் தெரு ஒன்பது அங்குலம் உயர்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் எங்கள் வீட்டு நடைக்குள் வந்து நின்றது. வாசற்படியையும் தரையையும் உயர்த்த 22,000 ரூபாய் செலவானது; தெருவுக்கு நான் கொடுத்த பங்கைவிட அது பல மடங்கு அதிகம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். அன்று எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இனிப் பங்கு கட்டப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுச் சுவரில் இப்போதைய தெரு மட்டத்துக்குச் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு, படம் எடுத்து, மனுவோடு இணைத்துக் கொடுங்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் அப்படிக் கொடுத்த பிறகு, அங்கே பழைய தளத்தை உடைத்து அள்ளிவிட்டுத்தான் கல் பதித்தார்கள்.