அம்மாயி ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்க

(குழு: ரங்கூன் வீட்டார். பெகு, தட்டோன் ரெண்டும் பர்மாவுல இருக்கிற ஊருங்க, தாமுவே ரங்கூன்ல ஒரு பகுதி)

நான்: எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க. பாப்பாவுக்கு வர்ற வாரம் நாலு மாசம் முடியுது. என் அம்மாவை அவ என்னன்னு கூப்பிடணும்னு முடிவு பண்ணணும். அம்மாவைப் பெத்தவங்க, முறைப்படி அம்மாயிதான். ஆனா நான் அம்மாயின்னு கூப்பிடுற ஆள் இதே வீட்ல, அடுத்த ரூம்ல இருக்காங்க. ஒரு குரல் குடுத்தா ரெண்டு பேரும் எந்திரிச்சு வருவாங்க.

அம்மா: பாட்டி வேணாம். அதை மட்டும் இப்பவே சொல்லிட்டேன். எனக்கு 47.

பெகு சின்னத்தாத்தா: வயசுக்கும் முறைக்கும் என்ன தாயி சம்பந்தம்? பாட்டிங்கிறது பட்டம், அது வயசைப் பாத்து வர்றதில்ல.

அம்மா: பட்டம் வேணாம் சித்தப்பா.

தாமுவே சின்னம்மா: கிரானி?

அம்மா: அதுவும் வேணாம்.

தட்டோன் அத்தை: மதினி, நீங்க எதை வேணா வைங்க, ஆனா புள்ள வாயில அது என்னவா வரும்னு பாத்துட்டு வைங்க. ஆறு, ஏழு மாசத்துல பாபாபா, மாமாமா, தாதாதான்னு அடுக்க ஆரம்பிக்கும். உதடு ஒட்டுற ப, ம. பல்லுக்குப் பின்னாடி நாக்கு தொடுற த, ந. அப்புறம் ய, வ. முதல்ல வர்றது இவ்வளவுதான். நாக்கை மடிக்கிற ட, அப்புறம் ச்ச, ல, ர எல்லாம் பின்னாடி வரும். பாட்டின்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா ரெண்டு வயசு தாண்டுற வரைக்கும் பாத்திதான்.

தாமுவே சின்னம்மா: பாத்தி நல்லாத்தானே இருக்கு. கீரைப் பாத்தி.

தட்டோன் அத்தை: சிரிக்காதீங்க, இன்னொண்ணு இருக்கு. பாப்பா கேக்குறதுல பாதி பர்மாப் பேச்சு. அதுல நாக்கை மடிக்கிற ட கிடையவே கிடையாது. அவ அப்பா வீட்டு ஆளுங்க காதுல பாட்டிங்கிறது பாத்தின்னுதான் விழும். பர்மாவுல பாத்தின்னா அரசியல் கட்சி.

பெகு சின்னத்தாத்தா: இந்தக் குரூப்ல கட்சிப் பேச்சு வேணாம். பாட்டியை விட்ருங்க.

அம்மா: அப்பாடா.

திருச்சி பெரியம்மா: நம்ம பக்கத்துச் சொல்லு எல்லாத்தையும் ஒரு தடவை வரிசையாப் போட்டுப் பாத்துட்டா என்ன? சித்தப்பா, நீங்கதான் வாத்தியாரு.

பெகு சின்னத்தாத்தா: சொல்றேன். ஆத்தா, ஆச்சி, ஆயி, ஆயா, நாலுமே அம்மாங்கிற அர்த்தத்துல இருந்து வந்ததுதான். முன்னாடி அம்மாவையோ அப்பாவையோ ஒட்ட வச்சா பாட்டிக்கான சொல்லு ஆயிடும். அம்மாவோட ஆயி அம்மாயி. அப்பாவோட ஆயி அப்பாயி. அப்பாவோட ஆத்தா அப்பத்தா. அம்மாவோட ஆச்சி அம்மாச்சி. யாரோட தாய்ங்கிறதைச் சொல்லுக்குள்ளயே பூட்டி வைக்கிறது நம்மகிட்ட ரொம்பப் பழைய பழக்கம். சங்கத் தமிழ்ல யாய்னா என் தாய், ஞாய்னா உன் தாய், தாய்னா அவங்க தாய். இப்ப தாய் மட்டும் பொதுவா நின்னுருச்சு.

புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் அம்மாயி, அப்பாயி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அப்பத்தா, அம்மாச்சி. கோயம்புத்தூர்ப் பக்கம் அம்மாவைப் பெத்தவ அம்முச்சி. யாழ்ப்பாணத்துல அம்மம்மா, அப்பம்மா. திருநெல்வேலியில அம்மா வழி, அப்பா வழி ரெண்டுக்கும் ஆச்சிதான்.

நான்: அப்ப அம்மாச்சி? பக்கத்து ஊருச் சொல்லுதானே, எடுத்துக்கலாமே.

பெகு சின்னத்தாத்தா: எடுக்கலாம். ஒரு சிக்கல் இருக்கு. அம்மாச்சின்னாலும் அம்மாயின்னாலும் அம்மம்மான்னாலும் மக வயித்துப் பேத்திக்குத்தான் பொருந்தும். நாளைக்கு உன் தம்பிக்குக் கல்யாணம் ஆகி அவனுக்கு ஒரு புள்ள வந்தா, இதே ஆளு அதுக்கு அப்பத்தா. ரெண்டும் ஒண்ணா விளையாடுறப்ப ஒண்ணை ஒண்ணு திருத்திச் சண்டை போடும், கடைசியில மூத்தது சொல்றதுதான் நிக்கும். மகன் புள்ள அம்மாச்சின்னு கூப்பிட்டா முறை தெரியாத வீடுன்னு வெளியாளு நினைப்பான். அதனால முன்னாடி ஒட்டுன அம்மாவைக் கழட்டிட்டு வெறும் தாய்ச்சொல்லை மட்டும் வச்சுக்கிறது நல்லது. எத்தனை பேரப்புள்ள வந்தாலும் தாங்கும்.

தாமுவே சின்னம்மா: அப்ப ஆயி.

தட்டோன் அத்தை: சின்னம்மா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஆறு மாசத்துல புள்ளைக்குக் கஞ்சி ஆரம்பிச்சா நாளைக்குப் பத்து தடவை "ஆயி போறியா, ஆயி வருதா"ன்னு கேக்கப் போறோம்.

தாமுவே சின்னம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: நீக்கினாலும் நான் படிச்சுட்டேன்.

திருச்சி பெரியம்மா: ஆயா? புள்ளைக்குச் சொல்ல இதைவிட லேசான சொல்லே கிடையாது. ஆனா இங்க ஆயான்னா பால்வாடியில புள்ளைய கழுவி விடுறவங்க. லீவுக்கு இங்க வந்து நாலு பேர் முன்னாடி கூப்பிட்டா சம்பளத்துக்கு வச்ச ஆளுன்னு நினைப்பாங்க.

பெகு சின்னத்தாத்தா: அந்த ஆயா போர்த்துக்கீசியர் கொண்டு வந்த சொல்லு. நம்ம ஆயா வேற. செட்டிநாட்டுல அம்மாவைப் பெத்தவங்களை ஆயான்னுதான் சொல்லுவாங்க.

திருச்சி பெரியம்மா: அதை ஒவ்வொருத்தருக்கும் நின்னு விளக்கிட்டு இருக்க முடியுமா சித்தப்பா?

தட்டோன் அத்தை: இங்கயும் இடிக்குது. முதல் எழுத்தைக் குறுக்கிட்டா அயா. பர்மாவுல அதுக்கு "பொருள், சாமான்"னு அர்த்தம்.

அம்மா: சாமானா? அடுத்தது.

நான்: ஆத்தா?

தட்டோன் அத்தை: த வருதுங்கிறதால புள்ள சீக்கிரம் சொல்லிரும். ஆனா பக்கத்துலயே தாத்தா இருக்காரே. ரெண்டும் ஒரே ஓசை. ஒண்ணரை வயசு வரைக்கும் ரெண்டு பேரும் தாத்தாதான். வீட்ல இருக்கிற ஆளுங்க பேரு ஒண்ணுக்கொண்ணு முதல் ஓசையிலயாவது நடு ஓசையிலயாவது நல்லா மாறணும். அம்மம்மாவும் இதே கதை. ம சுலபம்தான், ஆனா அம்மா, மம்மு, அம்மம்மா மூணும் புள்ள வாயில மம்மம்தான். பசிச்சு அழுதா உங்களைக் கூப்பிடுறான்னு நீங்க ஓடுவீங்க, உங்களைக் கூப்பிட்டா சோறு கேக்குறான்னு இவ ஓடுவா.

தாமுவே சின்னம்மா: நானி, நானாங்கிறாங்களே வடக்க. அது ஸ்டைலா இருக்கு.

தட்டோன் அத்தை: பர்மாவுல நா-ன்னா வலி. ஊசி போடுற ரூம்ல எல்லாப் புள்ளையும் கத்துறது "நாதே, நாதே"தான். பேத்தி உங்களைப் பாத்து அப்படிக் கத்தினா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க.

நான்: பர்மாக் காதுக்கு வேற எது எது இடிக்கும் அத்தை? ஒரேயடியாச் சொல்லிடுங்க.

தட்டோன் அத்தை: முக்கியமா மூணு. ஒண்ணு, ட. அதைச் சொல்லிட்டேன். ரெண்டு, ர. அவங்க வாயில அது ய ஆயிடும். ரங்கூன் யாங்கோன் ஆனது அப்படித்தான். அதனால ராசாத்தி, ராணிம்மான்னு வச்சா யாசாத்தி, யாணிம்மா. மூணாவது, நம்ம மாதிரி எழுத்தை ரெண்டா அழுத்துற பழக்கம் அங்க இல்ல. ம்ம, ப்ப எல்லாம் ஒத்தையா ஆயிடும். அம்மான்னு சொன்னா அமான்னு கேக்கும். அமான்னா அங்க அக்கா.

அம்மா: அக்காவா? அதையே வச்சுருங்க.

தாமுவே சின்னம்மா: அக்கா நான் கூப்பிடுறது. குடுக்க மாட்டேன்.

நான்: அங்க என் மாமியாரை ப்வா ப்வா, மாமனாரை போ போன்னு கூப்பிடுறதா முடிவாயிருச்சு, பர்மாவுல பாட்டி, தாத்தா. அதனால அந்தப் பக்கத்துச் சொல்லைத் தொட வேணாம்.

பெகு சின்னத்தாத்தா: அவ தாத்தாவைப் பாத்து "போ போ"ன்னா நம்ம வீட்ல புதுசா வர்றவங்க, மரியாதை தெரியாத புள்ளைன்னு நினைக்கப் போறாங்க. அதையும் முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

திருச்சி பெரியம்மா: அம்மாச்சியை அவ்வளவு சீக்கிரம் தள்ளணுமா? கேக்க அழகா இருக்கு.

தட்டோன் அத்தை: நீளமான சொல்லுல புள்ள முதல் எழுத்தை விட்டுட்டு வாலைத்தான் பிடிக்கும். அம்மாச்சி மாச்சி ஆகும், இன்னும் குறுகினா மச்சி.

தாமுவே சின்னம்மா: வா மச்சி, போ மச்சி 😂

தட்டோன் அத்தை: அது தமிழ்ல. பர்மாவுல ச்சி(ட்)னா அன்பு. முன்னாடி ம சேர்ந்தா "இல்ல"ன்னு ஆயிடும். அதாவது அன்பு இல்ல. வேணுமா?

நான்: அப்ப முன்னாடி இருக்கிற அம்மாவைக் கழட்டிட்டா ஆச்சி.

தட்டோன் அத்தை: அதைத்தான் நானும் இவ்வளவு நேரமா யோசிக்கிறேன். அச்சி(ட்)ன்னா அங்க அன்பு, அன்பானவங்க. ஆ-வை நீட்டினாக் கொஞ்சம் விலகும், ஆனா காதுக்கு அந்தப் பக்கம்தான் இழுக்கும். உன் வீட்டுக்காரருக்கு பர்மா எழுத்துல எழுதிக் குடுக்கிறப்ப பின்பாதியை ச்சீன்னு நெடிலா எழுது. ச்சீன்னா புள்ளையைக் கையில தூக்கி வச்சுக்கிறது. அந்த வீட்ல இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

பெகு சின்னத்தாத்தா: ஆச்சின்னா ரங்கூன்ல பழைய ஆளுங்களுக்குச் செட்டியார் வீட்டு அம்மாதான் ஞாபகத்துக்கு வரும். நாம செட்டியார் இல்லையே.

திருச்சி பெரியம்மா: இங்க ஆச்சின்னா மசாலாப் பாக்கெட். அதனால என்ன, எல்லாரும் நல்ல பேரா எடுத்துக்குவாங்க.

பெகு சின்னத்தாத்தா: ஆனா தாயி, உனக்கு ஒரு சங்கதி சொல்றேன். நகரத்தார் வீட்ல ஆச்சின்னு அக்காவைக் கூப்பிடுவாங்க. நீ கேட்ட அக்காவும் இதுக்குள்ளயே இருக்கு.

அம்மா: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சித்தப்பா.

தட்டோன் அத்தை: ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லிடறேன். ச்ச சீக்கிரம் வராது. முதல்ல ஆத்தின்னுதான் சொல்லுவா. மூணு வயசு வாக்குல சரியாகும். அதுவரைக்கும் திருத்தாதீங்க, "ஆத்தி இல்ல, ஆச்சின்னு சொல்லு"ன்னு பிடிச்சு வைக்காதீங்க. அவ ஆத்தின்னா நீங்க "ஆச்சி வந்துட்டேன்"னு சரியான சொல்லால பதில் சொல்லுங்க, போதும். நீங்களும் கொஞ்சி ஆத்தின்னே திருப்பிச் சொன்னா அது அப்படியே தங்கிடும்.

நான்: கூப்பிட்டுப் பாத்தேன். ஆச்சிகிட்ட போ, ஆச்சியோட செருப்பு, ஆச்சிக்குக் குடு. எல்லாம் ஒட்டுது. அம்மம்மாகிட்ட, அம்மம்மாவோடன்னு சொல்றப்ப மூச்சு வாங்கும்.

தாமுவே சின்னம்மா: கீழ இருந்து கூப்பிட்டும் பாருங்க. ஆறாவது மாடி. மாடியில இருந்து தொங்குற கயித்து மணியை ஆட்டிட்டு "ஆச்சீ"ன்னு கத்தினா கேக்கணும். கடைசி எழுத்தை இழுக்க வரணும், அதான் முக்கியம்.

நான்: ஆச்சீ நல்லா இழுக்குது.

தட்டோன் அத்தை: இப்ப எல்லாரும் இதைக் கவனமாப் படிங்க. பேரு வச்சா மட்டும் ஒட்டாது. வீட்ல எல்லாரும் என்ன சொல்றாங்களோ அதைத்தான் புள்ளயும் சொல்லும். கண்ணு, நீ நாள் பூரா "அம்மா இங்க வா, அம்மா துண்டு எடு"ன்னு கூப்பிட்டா பாப்பாவுக்கு மதினிதான் அம்மா. அம்மா வேலைக்குப் போற வீடுகள்ல பாட்டி அம்மா ஆகிறதும், பெத்தவளைப் பேரு சொல்லிக் கூப்பிடுறதும் இப்படித்தான் வருது. புள்ள காதுபட நீயும் ஆச்சின்னே சொல்லணும். ஒரு வயசுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விடாத. ஒன்பது மாசத்துக்குள்ள வீட்டாளுங்க பேரு கேட்டுத் திரும்ப ஆரம்பிச்சிரும், அதுக்கு முன்னாடியே ஓசை காதுல பழகியிருக்கணும்.

மதினி, நீங்க "நான்"னு சொல்றதைக் கொஞ்ச நாளைக்கு விட்ருங்க. "ஆச்சி தூக்கட்டுமா, ஆச்சி பால் கொண்டு வர்றேன்." முகத்துக்கு நேரா, ஒரு சாண், ஒண்ணரைச் சாண் தூரத்துல குனிஞ்சு, வாய் தெரியச் சொல்லுங்க. தூக்குறப்ப ஒரு தடவை, இறக்கி விடுறப்ப ஒரு தடவை, அடுத்தவங்க கைக்கு மாத்துறப்ப ஒரு தடவை. மாத்துறப்பதான் நல்லாப் பதியும், ஏன்னா அப்ப புள்ள ரெண்டு முகத்தையும் மாறி மாறிப் பாக்கும். டிவியை அமத்திட்டுச் சொல்லுங்க.

அம்மா: அவரு என்னைக் கூப்பிடுறது "இந்தா"ன்னுதான்.

தட்டோன் அத்தை: அண்ணன் மாத்தலைன்னா பேத்தியும் இந்தான்னுதான் கூப்பிடுவா.

திருச்சி பெரியம்மா: வீடியோ கால்ல நானும் ஆச்சின்னே சொல்லிக்கிறேன். நீங்க ராத்திரி 8-க்குக் கூப்பிட்டா எனக்கு 7, சமையல் முடிஞ்சிருக்கும். ஆனா நான் திருச்சி ஆச்சி. ரெண்டு ஆச்சியும் குழம்பக் கூடாது.

நான்: ரெண்டு பாஷை கேக்குறதால பேச்சு லேட் ஆகுமா அத்தை? அங்க கேக்குறாங்க.

தட்டோன் அத்தை: ஆகாது. எண்ணுறப்ப ரெண்டு பாஷையிலயும் இருக்கிறதைக் கூட்டி எண்ணணும். ஆச்சி ஒண்ணு, ப்வா ப்வா ஒண்ணு, ரெண்டு சொல்லு. முதல் சொல்லு ஒரு வயசு வாக்குல வரும், ரெண்டு மூணு மாசம் முன்ன பின்ன ஆகலாம். பன்னெண்டு மாசம் ஆகியும் பாபா, மாமான்னு அடுக்கலைன்னாலோ, கூப்பிட்டுத் திரும்பலைன்னாலோ காது பாக்கச் சொல்லுங்க. அதுக்கும் பாஷைக்கும் சம்பந்தம் இல்ல.

பெகு சின்னத்தாத்தா: வீட்டுப் பட்டியல்லயும் பள்ளிக்கூடப் படிவத்துலயும் ஆச்சின்னு எழுதிறாதீங்க. அங்க உறவுக்கு பர்மாச் சொல்லும், அடையாளக் கார்டுல இருக்கிற பேரும்தான்.

நான்: அம்மாயியை பாப்பா என்னன்னு கூப்பிடுவா? பூட்டியா?

பெகு சின்னத்தாத்தா: முறைக்குப் பூட்டி. ஆனா நீ அம்மாயிங்கிறதை விடமாட்ட, அதனால அவளும் அம்மாயின்னுதான் சொல்லுவா. விட்ரு. அந்தப் பேரு அவங்ககிட்டயே இருக்கட்டும்.

அம்மா: சரி. ஆச்சி. இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.

அப்பா: என்னை யாரும் கேக்கலையே.

நான்: நீங்க தாத்தாப்பா, அதுல என்ன கேக்க?

தட்டோன் அத்தை: ஐயோ, அண்ணனை மறந்துட்டேன். பர்மாவுலயும் புள்ளைக்குக் கை காட்டி "தாத்தா"ன்னு சொல்லிக் குடுத்தா அது போயிட்டு வர்றேன்னு சொல்றதுதான். பத்து மாசத்துல அந்தப் பக்கம் அதைத்தான் முதல்ல பழக்குவாங்க. நீங்க வீட்டுக்குள்ள வந்தா பாப்பா டாட்டா காட்டி அனுப்பி வைக்கும்.

அப்பா: போ போவை அவங்க எடுத்துக்கிட்டாங்க. தாத்தா டாட்டா ஆயிருச்சு. எனக்கு என்ன மிச்சம் இருக்கு?

பெகு சின்னத்தாத்தா: ஐயா. ராமநாதபுரத்துல அப்படித்தான். ய தான், புள்ளைக்கும் லேசு.

தட்டோன் அத்தை: ஐயாவும் அயாவும் பக்கத்துல பக்கத்துல இருக்கே சித்தப்பா. சாமான் வந்துருச்சும்பா.

அப்பா: நாளைக்குப் பேசலாம். 9 மணிக்கு எங்க பக்கம் கரண்ட் போயிரும், எல்லாரும் போனைச் சார்ஜ் போடுங்க. இந்தா, டார்ச் எங்க?

நான்: அப்பா, "ஆச்சி, டார்ச் எங்க?"