மகனின் கரப்பன்: கிணற்றுத் தண்ணீரை மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. எங்கள் வீடு யாழ்ப்பாணம் கோண்டாவிலில். மகனுக்கு 4 வயது. 8 மாதத்தில் கன்னத்தில் தொடங்கிய கரப்பன் இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் நிற்கிறது. டொக்டர் அற்றொபிக் டெர்மற்றைற்றிஸ் என்றார். தொற்றாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காததால் வருவது என்றும் விளங்கப்படுத்தினார். இரவில்தான் கடி (அரிப்பு) கூட. நேற்றும் விடிய எழும்பிப் பார்த்தால் தலையணை உறையில் இரத்தப் பொட்டுகள்.

ஹைட்ரோகோட்டிசோன் 1% கிறீம் டொக்டர் சொன்னபடி பூசினோம். ஒரு கிழமையில் ஆறும், நிறுத்தி இரண்டு கிழமைக்குள் திரும்ப வரும். வாசனைச் சவர்க்காரத்தை விட்டாயிற்று. குளித்த ஈரத்தோடு வாசலின் பூசுகிறோம், அது கொஞ்சம் உதவுகிறது. அம்மம்மா சொல்லி வேப்பிலை அவித்த தண்ணீரில் வார்த்தோம், எரியுது என்று பிள்ளை கத்தியதால் விட்டுவிட்டோம். கத்தரிக்காய், இறால், நண்டு மூன்று மாதம் கொடுக்கவில்லை. ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் தண்ணீரில் சந்தேகம் வந்தது. சுண்ணாம்புக்கல் நிலம், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்குச் சுண்ணாம்பு கூடின கிணற்றுத் தண்ணீர்.

இப்படிப்பட்ட பிள்ளையை மழைத் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ வார்த்துப் பார்த்தவர்களுக்கு, கடி உண்மையாகக் குறைந்ததா?