புதுப்பிப்பு: கறுப்பு அலகுக் குஞ்சுகள் சிவக்கத் தொடங்கிவிட்டன

டொராண்டோவில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்து இரைத்தட்டுக்கு வரும் கறுப்பு அலகுள்ள பழுப்புப் பறவைகள் எவை என்று ஜூலை இறுதியில் கேட்டிருந்தேன். கார்டினல் (ஆண் சிவப்பாக இருக்கும் வட அமெரிக்கப் பறவை) குஞ்சுகள் என்று பலர் சொன்னீர்கள். இப்போது ஐயத்துக்கே இடமில்லை. அலகில் கறுப்பு மங்கி ஆரஞ்சு நிறம் ஏறுகிறது. ஒன்றின் மார்பில் திட்டுத்திட்டாகச் சிவப்பு இறகுகள் முளைத்துள்ளன, அது ஆண்.

அவற்றின் பசிதான் எனக்கு அலுக்காத காட்சி. தட்டு நிறைய சூரியகாந்தி விதை கிடக்கும். அதன் நடுவிலேயே உட்கார்ந்து, இறக்கைகளைப் படபடவென நடுக்கி, வாயைப் பிளந்து அப்பாவிடம் கெஞ்சும். அதுவும் பொறுமையாக விதையை உடைத்துப் பருப்பை ஊட்டும். தாய் அடுத்த ஈட்டுக்குக் கூடு கட்டப் போய்விட்டால், பறக்கத் தொடங்கிய குஞ்சுகளை வளர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் தந்தையுடையதே. இந்த வாரம் அது ஊட்டுவதைக் குறைத்துவிட்டது. குஞ்சுகள் தாமே விதையைக் கடித்துப் பார்க்கின்றன, பாதியைக் கீழே தவறவிடுகின்றன. கீழே சிந்துவது அணில்களுக்கு.

அப்பாவின் தலை வழுக்கையானதைப் பார்த்து நோயோ என்று பதறியவர்களுக்கு: இது இறகுதிர் காலம். சில கார்டினல்களுக்குத் தலை இறகுகள் ஒரேயடியாக உதிர்ந்து கரிய தோல் தெரியும். சில வாரங்களில் மீண்டும் முளைத்துவிடும். ஆனால் கண் வீங்கிய ஃபிஞ்ச் (finch, விதை தின்னும் சிறு பறவை) எதையாவது கண்டால் தட்டை உடனே இறக்கிக் கழுவுங்கள். அது தொற்றும் நோய்.