கொசு ஒழிப்புக் குழுவில் ஆள் குறைகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் குடியிருப்பில் டெங்கு தடுப்புக்காக ஒரு தன்னார்வக் குழு நடத்துகிறோம். முதல் வாரம் வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். இப்போது அதே ஐந்து முகங்கள்தான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும். தண்ணீர் தேங்கிய பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். போன வாரம் ஒரு வீட்டில் பூந்தொட்டித் தட்டில் டார்ச் அடித்துக் காட்டினோம். புழுக்கள் நெளிந்தன. "சரி, நீங்களே கொட்டிடுங்க" என்றார் வீட்டுக்காரர்!

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. திட்டம் போட்டது நாங்கள் நாலு பேர். மற்றவர்களைக் கேட்கவே இல்லை. திட்டமிடுவதிலேயே பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று ஆரம்ப சுகாதாரம் பற்றிய 1978 உலக மாநாட்டின் அல்மா-அட்டா பிரகடனம் சொல்கிறது. அதைத்தான் கோட்டை விட்டோம்.

இதுபோன்ற வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: பாதியில் போனவர்களை எப்படித் திரும்ப அழைத்தீர்கள்? வேலையைத் தெருவாரியாகப் பிரிக்கலாமா? அப்புறம், பிள்ளைகளைச் சேர்த்தால் பெரியவர்கள் வருவார்களா?