மயாமி 70, இண்டியானா 68: சமன் செய்த பிறகு மிச்சமிருந்த 6.6 வினாடி

கோர்ட்சைடு (கேள்வி):

2023 மார்ச் 20 அன்று நடந்த ஆட்டம் இது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான என்சிஏஏ கூடைப்பந்துத் தொடரின் இரண்டாம் சுற்று. இடம் ப்ளூமிங்டன், இண்டியானாவின் சொந்தக் களமான அசெம்பிளி ஹால். பயிற்சியாளர் டெரி மோரனின் இண்டியானா அணிக்கு முதல் தரநிலை, பயிற்சியாளர் கேட்டி மையரின் மயாமிக்கு ஒன்பதாவது (தொடரின் நான்கு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரநிலை உண்டு). அந்த சீசனில் இண்டியானா அதற்கு முன் சொந்தக் களத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை.

இண்டியானா முதல் பாதியில் இரட்டை இலக்கத்தில் பின்தங்கி, இரண்டாம் பாதி முழுக்கத் துரத்தி, கடைசியில் யார்டன் கார்சோன் போட்ட மூன்று புள்ளியால் 68-68 ஆக்கினார்கள். கடிகாரத்தில் 6.6 வினாடி. அடுத்து 3.5 வினாடி இருக்கும்போது மயாமியின் டெஸ்டினி ஹார்டனின் ஜம்ப் ஷாட் விழுந்தது. 70-68, அந்த ஸ்கோரிலேயே ஆட்டம் முடிந்தது.

கல்லூரிப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? சமன் செய்த அந்த நொடியில் டிபென்ஸ் எப்படி நிற்க வேண்டும்? ஃபவுல் செய்து ஆட்டத்தை நிறுத்தலாமா? அதன் பிறகும் 3.5 வினாடி இருந்ததே, அதை எப்படிப் பயன்படுத்துவது? "நாங்கள் இன்னும் முயன்றிருக்கணும்" வகைப் பதில் வேண்டாம், களத்தில் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.


இரண்டாம்விசில்:

முதலில் விதியைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். என்சிஏஏ பெண்கள் ஆட்டம் 2015-16 சீசனிலிருந்து நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 10 நிமிடம். அணியின் ஃபவுல் கணக்கு ஒவ்வொரு குவார்ட்டரிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் ஒரு புள்ளிக்குப் போடும் ஷாட்). ஆக நான்காவது குவார்ட்டரில் மூன்று அல்லது அதற்குக் குறைவான ஃபவுல்தான் செய்திருக்கிறீர்கள் என்றால், ஷாட் போடாத ஒருவர் மேல் இன்னும் ஒன்று செய்யலாம், ஃப்ரீ த்ரோ கிடையாது. கையில் "இலவச ஃபவுல்" இருக்கிறதா என்பதுதான் 6.6 வினாடியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதை அந்த நேரத்தில் ஸ்கோரர் மேஜையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நுழையும்போதே ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். நான்காவது குவார்ட்டரின் கடைசி 59.9 வினாடியில் கூடை விழுந்ததும் கடிகாரம் நிற்கும். கார்சோனின் பந்து வலைக்குள் போனதும் 6.6 அப்படியே உறைந்துவிட்டது. பந்து உள்ளே வந்து ஒரு கை பட்டால்தான் மறுபடி ஓடும். அதே 59.9 வினாடிக்குள், எதிரணி கூடை போட்டவுடன் டைம்அவுட் கேட்கும் அணி பந்தை முன்களத்துக்கு (தாங்கள் கூடை போடும் பாதிக்கு) நகர்த்திக்கொள்ளலாம், பக்கக் கோட்டிலுள்ள 28 அடிக் குறியிலிருந்து த்ரோ-இன், அதாவது வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவது. 94 அடிக் களத்தைப் பந்தோடு ஓடிக் கடக்கக் கெட்டிக்கார கார்டுக்கே (பந்தைக் கொண்டுசெல்லும் வீராங்கனை) 4 முதல் 5 வினாடி பிடிக்கும். அந்தச் செலவு மொத்தமும் மிச்சம்.

இதில் ஒரு விலையும் உண்டு. கூடை விழுந்த பிறகு எண்ட்லைனிலிருந்து பந்து போடுபவர் கோட்டை ஒட்டி இங்கும் அங்கும் ஓடலாம். 28 அடிக்கு நகர்த்திவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும், ஓரிடத்தில் நின்றபடி 5 வினாடிக்குள் போட வேண்டும். டிபென்ஸுக்கு அங்கேதான் ஒரு வாய்ப்பு.

ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் ஆடும் நம் ஊர் அணிகளுக்கு இதே ஏற்பாடு நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்துக்குப் பொருந்தும். ஃபவுல் கணக்கும் ஒன்றுதான், ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ.


பெஞ்ச்பக்கம்:

சமன் செய்யும் ஷாட்டை வரையும்போதே அடுத்த டிபென்ஸையும் சொல்லியாகணும். இதுதான் என் முதல் பதில். டைம்அவுட்டில் "இந்த ஸ்கிரீன், இந்தக் கார்னர், மூணு போடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பந்து விழுந்ததும் என்ன ஆகும்? ஐந்து பேரில் இரண்டு பேர் கை தூக்கிக் கத்திக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பாள், மற்ற இருவர் யாரைப் பிடிப்பது என்று விரல் நீட்டிக்கொண்டிருப்பார்கள். சொந்த ஊர் என்றால் இன்னும் மோசம். அசெம்பிளி ஹால் 17,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம். நம் கூட்டமே போடும் சத்தத்தில் நம் பிள்ளைகளின் "ஸ்விட்ச்", "ஹெல்ப்" குரல் ஒருவருக்கொருவர் கேட்காது. சத்தம் எதிரணியைக் குழப்பும் என்பார்கள். டைம்அவுட்டில் வரைந்துவிட்டு வரும் அணியை அது அவ்வளவாகக் குழப்பாது, பேசிப் பேசியே ஆட வேண்டிய டிபென்ஸைத்தான் கெடுக்கும். அதனால் கடைசி நிமிடத்துக்கு வாய்க் குரல் வேண்டாம், கை சைகை. மூடிய முஷ்டி என்றால் எல்லா ஸ்கிரீனுக்கும் (காப்பவளின் வழியை எதிரணி மறித்து நிற்பது) ஸ்விட்ச், அதாவது காப்பவர்கள் ஆளை மாற்றிக்கொள்வது. திறந்த உள்ளங்கை என்றால் அவரவர் ஆளோடு ஒட்டு. இரண்டு விரல் என்றால் இலவச ஃபவுல் இருக்கிறது. பெஞ்சில் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் அந்தச் சைகையைக் காட்டியபடியே நிற்கணும், கூடை விழுந்தாலும் குதிக்கக்கூடாது.

ஸ்கோர் சமன், 6.6 வினாடி. இந்த நிலையில் ஸ்விட்ச்தான் சரி என்பேன். உயரத்தில் பொருந்தாமல் போகும் பயம் இருக்கும், இருந்தாலும் 6 வினாடியில் அந்தப் பொருத்தக்குறைவைத் தேடிப் பிடித்துத் தாக்க எதிரணிக்கு நேரம் குறைவு. ஸ்கிரீனைச் சுற்றி ஓடி ஒரு அடி தாமதமாகப் போய் நிற்பதைத்தான் ஜம்ப் ஷாட் போடுபவள் விரும்புவாள். ஸ்விட்ச் செய்பவள் ஸ்கிரீனில் தொட்டுக்கொண்டே மேலே ஏறணும். பின்வாங்கிக்கொண்டே ஸ்விட்ச் செய்தால் அது ஸ்விட்சே இல்லை, ஷாட்டுக்கு இடம் விட்டுக்கொடுப்பது.

பந்து போடுபவளை யார் காப்பது என்பதில் நிறைய பேர் தப்பு பண்றாங்க. 28 அடிக் குறியில் நிற்பவள் முன் உயரமானவளை நிறுத்தினால் பாஸ் கோணம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஆட்டம் சமனாக இருக்கும்போது அந்த உயரமானவள் பெயிண்டுக்குள் (கூடைக்கு முன்னுள்ள வண்ணப் பகுதி) இருந்தால்தான் டிரைவையும் (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வது) ரீபவுண்டையும் (தவறிய ஷாட்டின் பந்து) காக்க முடியும். பந்து போடுபவளை விட்டுவிட்டு, அவளைக் காக்கவேண்டியவளை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிறுத்தலாம். அப்போது பாஸ் சுலபமாகப் போகும், ஆனால் பிடித்தவளுக்கு நடுவழி அடைபட்டிருக்கும். பந்து போட்டவள் உடனே உள்ளே வந்து திரும்ப வாங்குவதுதான் இந்த ஏற்பாட்டின் ஓட்டை, நடுவில் நிற்பவளின் ஒரு கண் அவள் மேலேயே இருக்கணும்.


இரண்டாம்விசில்:

ஃபவுல் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், கேள்வியில் இருக்கிறது, இன்னும் யாரும் விரிவாகத் தொடவில்லை.

மூன்று புள்ளி முன்னிலையில் ஃபவுல் செய்வதும் சமனில் ஃபவுல் செய்வதும் வேறு வேறு. முன்னதில் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தாலும் தலை தப்பும். சமனில் ஐந்தாவது ஃபவுலைச் செய்தால் ஆட்டத்தையே தூக்கிக் கொடுத்த மாதிரி. எனவே இலவச ஃபவுல் கையில் இருந்தால் மட்டுமே பேச்சு.

இருந்தால், எப்போது? வழக்கமாகச் சொல்வது "3 வினாடிக்கு வரட்டும், அப்புறம் பிடி" என்பது. இந்த ஆட்டத்தைப் பாருங்கள். 3.5 இருக்கும்போதே பந்து வலைக்குள் போய்விட்டது. பந்து கையை விட்டது அதற்கும் முன்னால். 3-க்குக் காத்திருந்த டிபென்ஸ் தோற்றிருக்கும். எதிரணி கடைசி வினாடி வரை பந்தை வைத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. 6.6-இல் தொடங்கும் ஆட்டத்தில் 5-க்கும் 4.5-க்கும் இடையில் ஃபவுல் விழ வேண்டும், அவள் இன்னும் டிரிபிள் செய்துகொண்டிருக்கும்போது (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நகரும்போது), மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, முடிந்தால் அவள் பக்கவாட்டில் நகரும்போதோ முதுகைக் காட்டும்போதோ. பந்தை இரண்டு கையால் எடுத்துவிட்டாள் என்றால் கையை எடுத்துவிடுங்கள். ஷாட் போடும் அசைவு தொடங்கிவிட்டது என்று நடுவர் விசில் ஊதினால் இரண்டு ஃப்ரீ த்ரோ, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே என்றால் மூன்று.

பந்தை நோக்கித்தான் கை போக வேண்டும். பின்னாலிருந்து சட்டையைப் பிடிப்பது, இடுப்பை வளைத்து அணைப்பது எல்லாம் விளையாட்டுப் பண்புக்கு மாறான ஃபவுலாகப் பதிவாகும். இரண்டு ஃப்ரீ த்ரோவும் கொடுத்து, பந்தையும் அவர்களுக்கே கொடுப்பார்கள். 


வலதுகார்னர்:

மேலே சொன்னதில் ஒரு மறுப்பு. இலவச ஃபவுல் இருந்தாலும் சமனில் அதைச் செலவழிக்க எனக்கு மனம் வராது. விசில் ஊதியதும் எதிரணிக்கு மறுபடி நின்று நிதானித்து ஒரு த்ரோ-இன் கிடைக்கிறது. முதல் த்ரோ-இன்னில் உங்கள் ஸ்விட்ச் எப்படி என்பதை அவர்களின் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். 4.5 வினாடி என்பது கேட்ச், இரண்டு டிரிபிள், ஷாட் எல்லாவற்றுக்கும் தாராளம். அதோடு, கடைசி நிமிடப் பதற்றத்தில் ஓர் இளம் கார்டின் கை அரை வினாடி தாமதமாகப் போனால் இரண்டோ மூன்றோ ஃப்ரீ த்ரோ. ஒழுங்காக ஒரு கடினமான ஜம்ப் ஷாட்டை விட்டுக்கொடுப்பது அதைவிடத் தேவலை. சமன் என்றால் 5 நிமிட ஓவர்டைம் காத்திருக்கிறது, சொந்தக் களத்தில், துரத்தி வந்த வேகத்தோடு.

அந்த மனநிலையில் இண்டியானா செய்த எதையும் நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஹார்டன் அன்று 18 புள்ளி எடுத்தவர். நல்ல வீராங்கனை ஒருத்தி கடினமான நேரத்தில் ஷாட்டைப் போட்டார்.


கோர்ட்சைடு:

நன்றி. ஃபவுல் பற்றி இரண்டு பக்கமும் புரிகிறது. 5-க்கும் 4.5-க்கும் இடையில் என்ற கணக்கு இதுவரை எனக்குத் தோன்றாதது. அந்த 3.5 வினாடி?


பெஞ்ச்பக்கம்:

3.5 என்பது நிறைய நேரம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தெரியாததால்தான் பிடித்த இடத்திலிருந்தே எறிகிறார்கள். கடிகாரம் தொடங்குவது உள்ளே ஒரு கை பட்ட பிறகு. பிடித்துத் திரும்ப ஒரு வினாடி, இரண்டு டிரிபிளுக்கு ஒன்றரை, எழும்பிப் போட முக்கால். 0.3 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பிடித்துப் போட முடியாது, தட்டிவிடத்தான் முடியும்.

டைம்அவுட் இருந்தால் 28 அடிக்கு நகர்த்தியே ஆகணும். ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்துக்குள் வருவதுதான் பாதி வேலை. இரண்டு புள்ளி பின்னால் என்பதால் இரண்டு போதும், மூன்றைத் தேட வேண்டியதில்லை. இண்டியானாவிடம் நடுத்தூர ஜம்ப் ஷாட்டுக்குப் பெயர் போன கிரேஸ் பெர்கரும், பெயிண்டில் மெக்கென்சி ஹோம்ஸும் இருந்தார்கள். முழங்கால் தொல்லையால் முதல் சுற்றில் வெளியே இருந்த ஹோம்ஸ் இந்த ஆட்டத்துக்குத் திரும்பி 22 புள்ளி எடுத்தார், பெர்கர் 17. இப்படி இருவர் இருக்கும் எந்த அணிக்கும் நான் வரைவது ஒன்றுதான்: பெரியவள் எல்போவுக்கு (ஃப்ரீ த்ரோ கோட்டின் முனை) ஏறி வந்து கார்டுக்கு ஸ்கிரீன் வைக்கணும், கார்டு ஓடிக்கொண்டே பிடிக்கணும், ஸ்கிரீன் வைத்தவள் உடனே கூடையை நோக்கித் திரும்பணும். எதிர்க் கார்னரில் மூன்று புள்ளி போடுபவள் அசையாமல் நிற்கணும், அவள் ஆள் உதவிக்கு வராமல் இருக்க. எல்லோரும் பந்தை நோக்கி ஓடி வந்தால் காப்பவர்களையும் கூடவே இழுத்து வருவார்கள், நடு அடைந்துவிடும். மூன்று புள்ளியில் சமன் செய்தவளுக்கே மறுபடி வரைவதும் வழக்கமான தப்பு. எதிரணி அவளைத்தான் முதலில் பூட்டும்.

பயிற்சியில் எப்படி? வாரம் இரண்டு நாள், முடிவில் 12 நிமிடம் போதும். கடிகாரத்தில் 6.6 வையுங்கள், ஸ்கோர் சமன், ஐந்துக்கு ஐந்து. டிபென்ஸ் அணிக்கு ஃபவுல் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறணும், ஒரு தடவை 3, ஒரு தடவை 4. சொல்லாமல் பலகையில் மட்டும் போடுங்கள், கவனிக்கிறார்களா என்று பார்க்கலாம். கூடை விழுந்தால் நிறுத்தாதீர்கள், மிச்சமுள்ள வினாடியிலேயே பந்து மாறி ஆடட்டும். 8 தடவை. ஒலிபெருக்கியில் கூட்டச் சத்தத்தை முழுதாக வைத்துக்கொண்டே செய்யுங்கள், அது இல்லாமல் செய்த பயிற்சி சொந்தக் களத்தில் பலன் தராது.


ஸ்கோர்தாள்:

கடைசி 6.6 வினாடியைப் பேசுவது சரிதான். ஆனால் இரண்டு புள்ளித் தோல்வியை மறுநாள் அலசும்போது வீடியோவைக் கடைசியிலிருந்து தொடங்காதீர்கள். பந்து கைவசம் வந்த தடவைகளை எண்ணுங்கள்: போட்ட ஷாட், கழித்தல் அஃபென்ஸ் ரீபவுண்ட் (தன் அணியின் தவறிய ஷாட்டைத் தானே பிடித்தது), கூட்டல் டர்னோவர் (ஷாட் போடாமலே பந்தை இழந்தது), கூட்டல் ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கு. உதாரணத்துக்கு 60 ஷாட், 10 அஃபென்ஸ் ரீபவுண்ட், 14 டர்னோவர், 16 ஃப்ரீ த்ரோ என்றால் 60 - 10 + 14 + 7, அதாவது 71. 68 புள்ளியை 71-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு 0.96 புள்ளி. இதைக் குவார்ட்டர் வாரியாக இரு அணிக்கும் போட்டால் ஓட்டை எங்கே என்று தெரியும். துரத்திப் பிடிக்கும் அணிகளுக்கு அது பெரும்பாலும் முதல் 20 நிமிடத்தில்தான் இருக்கும். மயாமியில் லோலா பெந்தாந்தே 19 புள்ளி எடுத்ததை ஹார்டனின் ஒரு ஷாட் மறைத்துவிடுகிறது. தோல்விக்கு அதுவும் சம அளவு காரணம்.

தொடரின் முதல் 16 அணிகளுக்கு (பிரிவுக்கு முதல் நான்கு) முதல் இரண்டு சுற்றும் சொந்தக் களம் என்பதும் ஒரு பாதுகாப்பு அல்ல. அதற்கு முந்தைய நாள், மார்ச் 19 அன்று, இன்னொரு முதல் தரநிலை அணியான ஸ்டான்ஃபோர்டு தன் சொந்த மேப்பிள்ஸ் அரங்கில் ஓல் மிஸ்ஸிடம் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 54-49 என்று தோற்றது. அதே மேப்பிள்ஸில் 1998-இல் முதல் தரநிலை ஸ்டான்ஃபோர்டை 16-ஆம் தரநிலை ஹார்வர்டு 71-67 என்று வென்றது. ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் ஒருவரே 35 புள்ளி. ஸ்டான்ஃபோர்டின் முக்கிய வீராங்கனைகள் இருவர் முழங்கால் காயத்தால் வெளியே இருந்தார்கள்.

குவார்ட்டர் கணக்கை எடுக்கும்போது இன்னொரு பத்தியும் போடுங்கள்: முதல் பாதியில் எடுத்த டைம்அவுட்டுகள், எடுத்தபோது ஸ்கோர் என்ன என்பதோடு. எதிரணி வரிசையாக எட்டு புள்ளி எடுக்கும்வரை டைம்அவுட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தீர்களா என்பது அதில் பளிச்சென்று தெரியும்.