ஷெங்கன் விசா மூன்று பேருக்கும் நிராகரிப்பு: அப்பச்சி, ஆத்தாவோடு மறுபடி போடுவது எப்படி?

செக்காலை ரோடு:
வணக்கம். காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். அப்பச்சிக்கு (அப்பா) 68, ஆத்தாவுக்கு (அம்மா) 62, எனக்கு 34. மூவருக்கும் இதுதான் முதல் ஐரோப்பா. எங்கள் வீட்டில் முற்றத்தைச் சுற்றிய வளவுத் தரையில் இத்தாலி மார்பிள், முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி. ஐயா (தாத்தா) காலத்திலிருந்து இதையே கேட்டு வளர்ந்த அப்பச்சிக்கு, அதெல்லாம் வந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

திட்டம் இதுதான்: பாரிஸில் 3 இரவு, பிரஸ்ஸல்ஸில் 2, சுவிட்சர்லாந்தில் 4, கடைசியாக இத்தாலியில் 5. மொத்தம் 14 இரவு.

ஒரு ஏஜென்டிடம் கொடுத்தோம். "இத்தாலிக்கு இப்போது தேதி கிடைக்காது. வேறு ஒரு நாட்டுக்குச் சீக்கிரம் கிடைக்கிறது. எங்கே வாங்கினாலும் எல்லா நாட்டுக்கும் செல்லும்" என்றார். நம்பிவிட்டேன். நாங்கள் கொஞ்ச நாளே தங்கப்போகிற அந்த நாட்டில் 8 இரவு ஓட்டல் போட்டதாக அவரே தாள் தயார் செய்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த கடிதத்திலோ மேலே சொன்ன அசல் திட்டம். இரண்டும் ஒரே கோப்பில் போயிருக்கின்றன! பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது உள்ளே விசா ஸ்டிக்கர் இல்லை, ஆளுக்கொரு நிராகரிப்புத் தாள்தான். ஆளுக்கு 90 யூரோ கட்டணமும் போச்சு.

இனி ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா? அப்பீல் போடலாமா? அப்பச்சி வெளியே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

பல்லவன் பயணி:
தம்பி, ஏஜென்ட் சொன்னதில் பாதி நிஜம். எந்த நாடு கொடுத்தாலும் ஷெங்கன் கூட்டில் உள்ள 29 ஐரோப்பிய நாட்டுக்கும் செல்லும். ஆனால் எந்த நாட்டில் வேண்டுமானாலும் போடலாம் என்பது கிடையாது. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அங்கேதான் போட வேண்டும். நாள் கணக்கு சமமாக வந்தால் மட்டும், முதலில் காலடி வைக்கிற நாடு. உங்கள் கணக்கில் இத்தாலி 5, சுவிஸ் 4. பாரிஸில் போய் இறங்கினாலும் இத்தாலியில்தான் விண்ணப்பம்.

காத்திருப்பு என்று விதி ஏதும் இல்லை, நாளைக்கே போடலாம். அப்பீலுக்கு உரிமை உண்டு, வழியும் கெடுவும் அந்தத் தாளிலேயே இருக்கும். ஆனால் கோப்பில் தப்பு நம் பக்கம் இருக்கும்போது அப்பீலில் என்னவென்று வாதாடுவது? சரியாகப் புதிதாகப் போடுவதே மேல்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். அந்தத் தாளில் வரிசையாகக் காரணங்கள் அச்சாகியிருக்கும். யார் யாருக்கு எதில் டிக்?

செக்காலை ரோடு:
அண்ணே, மூவருக்கும் பொதுவாக ஒன்று: பயணத்தின் நோக்கம், தங்கும் விவரம் பற்றிக் கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை. அப்பச்சிக்குக் கூடுதலாக, விசா முடிவதற்குள் திரும்பி வருவார் என்பதில் சந்தேகம். ஆத்தாவுக்கு, செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டவில்லை.

முதல் டிக் ஏன் என்று புரிகிறது. அப்பச்சிக்கு ஏன் சந்தேகம்? கணக்கில் 7 லட்சம் இருந்தது. (அதில் 6 லட்சம் வீட்டு மராமத்துக்குப் பங்காளிகள் போட்டது. விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்னால்தான் வந்தது. அது கெடுதல் பண்ணாது என்று நினைத்தேன்.)

கண்டனூர் ஆச்சி:
அந்த அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே தம்பி, அதுதான் விஷயமே.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பங்காளி தெரியாது, புள்ளிக்கு (கல்யாணமான குடும்பத்துக்கு) இவ்வளவு என்று பொதுச் செலவுக்கு வரி போடுவது தெரியாது. அவர் பார்ப்பது ஆறு மாத ஸ்டேட்மென்டை. ஐந்து மாதம் நாற்பதாயிரம், அறுபதாயிரம் என்று ஓடிய கணக்கில் திடீரென்று ஐந்தாறு பேரிடமிருந்து பணம் கொட்டுகிறது. விசாவுக்காகக் கடன் வாங்கிக் காட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆனது. முன்னோருக்குப் பங்காளிகள் சேர்ந்து செய்யும் படைப்புக்கான பணம் முழுவதும் என் வீட்டுக்காரர் கணக்கில் கிடந்தது. கேள்வி வந்தபோது பதில் சொல்லத் தாள் இல்லை.

பங்காளிப் பணத்துக்குத் தனிக்கணக்கு திறந்து மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றியதுகூட ஸ்டேட்மென்டில் தெரியும். அதனால் கடிதத்தில் நான்கு வரி எழுதுங்கள்: இது கூட்டு வீட்டு மராமத்துப் பணம், எங்கள் பயணச் செலவு இதிலிருந்து இல்லை என்று. கொத்தனார் கொடுத்த எஸ்டிமேட் இருந்தால் கூட வையுங்கள். மிச்சம் நிற்பது ஒரு லட்சம்தான் என்றால் அதை மட்டும் நம்பாதீர்கள். கடைக் கணக்கு, மூன்று வருட வருமான வரித் தாக்கல், ஜிஎஸ்டி பதிவு எல்லாம் உங்கள் பெயரில் இருந்தால் மூவர் செலவையும் நீங்களே ஏற்பதாக எழுதுங்கள். ஆத்தாவின் டிக்குக்கும் அதுவே பதில்.

அப்பச்சி கடையில் பங்குதாரரா? அப்படியானால் பங்கு ஒப்பந்தம் வையுங்கள். 68 வயதுக்காரர் ஏன் திரும்பி வருவார் என்பதற்கு ஓடுகிற கடையைவிட நல்ல பதில் கிடையாது. வீட்டுப் பத்திரத்தை நம்பிப் போகாதீர்கள். எட்டுப் பங்கு, பழைய தமிழ், ஐயா பெயர்! ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் வைத்தால் அது வெறும் கனம்.

இன்னொன்று. பெயர்?

செக்காலை ரோடு:
ஆச்சி, பெயரைப் பற்றிக் கேட்டீர்களே, வயிற்றைக் கலக்குகிறது. பாஸ்போர்ட்டில் அப்பச்சிக்குத் தன் பெயர் மட்டும், சர்நேம் கட்டம் காலி. பேங்கில் மூன்று எழுத்து விலாசத்தோடு (இனிஷியல்). பான் கார்டில் விலாசத்தை விரித்து முழுப்பெயர். ஏஜென்ட் எடுத்த இன்சூரன்ஸில் நாலாவது மாதிரி.

வெறும் வாசகன்:
எதற்கு இவ்வளவு? பாஸ்போர்ட் தொலைந்தது என்று புதிதாக எடுத்து, முதல் தடவை போடுவது மாதிரி போட்டுவிடுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

பல்லவன் பயணி:
எல்லாருக்கும் தெரியும். விரல் ரேகை கொடுத்தாச்சு. ரேகையும் நிராகரிப்பும் ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவில் ஏறியிருக்கும், பாஸ்போர்ட் நம்பர் மாறினால் ரேகை மாறாது. இவர்கள் பண்ணியது முட்டாள்தனம்தான், மோசடி இல்லை. அதை மோசடி ஆக்கிவிடாதீர்கள். மறைக்காமல், "முன்பு இன்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது, தவறான பதிவுகள் ஏஜென்ட் தயாரித்தவை, இது சரியான திட்டம்" என்று கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் தாய் ஆவணம் பாஸ்போர்ட். விண்ணப்பம், டிக்கெட், இன்சூரன்ஸ், ஓட்டல் எல்லாம் அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பேங்கும் பானும் வேறு மாதிரி இருப்பதற்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம். விலாசம் நமக்குக் கௌரவம், கம்ப்யூட்டருக்கு வேறு ஆள்.

இன்சூரன்ஸ் புதிதாகவே எடுங்கள். மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், போகிற நாள் முதல் திரும்பும் நாள் வரை. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், திரும்பிய பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக வேண்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்குவார்கள், கடைசி 15 நாளுக்குள் வாங்கமாட்டார்கள். முடிவுக்கு 15 நாள் என்பார்கள், 45 நாள்வரை இழுக்கவும் இடமுண்டு. அதனால் டிக்கெட்டை இப்போதே பணம் கட்டி முடக்காதீர்கள்.

கோட்டையூர்:
விண்ணப்பம் கொடுக்கச் சென்னைக்குப் போவது பற்றி ஒரு வார்த்தை. காலையில் பல்லவன் ரயில் ஏறினால் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். காலை நேரம் கிடைத்திருந்தால் முந்தின ராத்திரியே சேது ரயிலில் ஏறிவிடுங்கள். ரேகை ஒரு தடவை கொடுத்தால் 59 மாதத்துக்குள் போடும் விண்ணப்பத்துக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விதி. ஆனாலும் நேரில் வரச் சொன்னால் ஆத்தாவிடம் மருதாணி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். என் மாமியாருக்கு விரல் நுனி தேய்ந்து போய், துடைத்துத் துடைத்து ஐந்தாவது தடவைதான் மெஷின் ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் நின்ற எனக்கு வேர்த்துவிட்டது.

செக்காலை ரோடு:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்னக் கேள்வி. பங்காளி அண்ணன் ஒருவர் லண்டனில் இருக்கிறார். நடுவில் இரண்டு நாள் வந்து போகச் சொல்கிறார்.

கண்டனூர் ஆச்சி:
லண்டன் இதில் சேராது, அதற்குத் தனி விசா. உங்களுக்கு ஒரு நுழைவு விசா கொடுத்தால், லண்டனுக்கு வெளியேறிய நிமிடம் இது முடிந்தது, திரும்ப இத்தாலிக்குள் வர முடியாது. அண்ணனை ரோமுக்கு வரச் சொல்லுங்கள்.

செக்காலை ரோடு (இரண்டு மாதம் கழித்து):
கிடைத்துவிட்டது, மூவருக்கும்! இத்தாலியிலேயே போட்டோம். கடைக் கணக்கு, நோட்டரி தாள், பங்காளிப் பணத்துக்குக் கடிதம் எல்லாம் நீங்கள் சொன்னபடியே. கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்து நாலாவதாகத்தான் சரியாக வந்தது.

ஸ்டிக்கரில் ஒரு சந்தேகம். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே 30 நாள் இருக்கிறது. கீழே தங்கும் நாள் 15 என்றிருக்கிறது. எது கணக்கு?

பல்லவன் பயணி:
15தான் கணக்கு. அந்த 30 நாள் ஜன்னல் மாதிரி, பயணத் தேதி கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் தாங்குவதற்கு. அதற்குள் எந்த 15 நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது. இறங்கும் நாளும் ஏறும் நாளும் கணக்கில் சேரும். 14 இரவு என்றால் சரியாக 15 நாள். திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் 16 ஆகிவிடலாம், டிக்கெட்டை இன்னொரு தரம் பாருங்கள்.

செக்காலை ரோடு:
பார்த்தேன் அண்ணே, ராத்திரி 9.40. தப்பித்தோம்.

ஆத்தா இப்போதே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். மனகோலம், சீப்புச் சீடை, ஒரு பாட்டில் நெய்.

கோட்டையூர்:
நெய்யை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். பால் பொருளும் இறைச்சியும் உள்ளே விடமாட்டார்கள். சீடையைத் தாராளமாகக் கட்டுங்கள்.