அரசின் நிலத்தரவும் தன்னார்வலர் வரைபடமும்: ஒன்றாகக் கலக்கலாமா?

கரைவழி:
2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மீது அமைத்த ஒரு பக்கத்தில் தண்ணீர் தேங்கிய தெருக்களைச் சென்னை மக்களே குறித்தார்கள். அதையும் அரசுத் துறைகளின் தரவையும் ஒரே தரவுத்தளமாக்க வேண்டும் என்கிறேன். வெள்ளத்தில் மாட்டியவர் இரண்டு வரைபடங்களைத் திறந்து ஒப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது.

எல்லைக்கல்:
எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ‘டைகர்’ சாலைத் தரவை 2007-08இல் அப்படியே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். பல மாவட்டங்களில் சாலைகள் இடம் தள்ளி விழுந்தன. பண்ணை வீட்டு வழிகள் குடியிருப்புத் தெருக்களாகின. இல்லாத சாலைகள்கூட வந்தன. தன்னார்வலர்கள் அவற்றை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆட்கள் ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாகப் போய் வரைந்தார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் ஆள் இருந்தது.

கரைவழி:
டைகர் தரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எடுத்தது. கணக்கெடுப்பவருக்கு எந்தத் தெரு எதோடு சேர்கிறது என்பது தெரிந்தால் போதும். இடம் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் அவர் வேலை நடக்கும். வேறு தேவைக்கு எடுத்த தரவைச் சரிபார்க்காமல் கொட்டியதுதான் அங்கே தப்பு. நெதர்லாந்தில் அரசின் கட்டடப் பதிவேட்டைத் தன்னார்வலர்கள் 2014 வாக்கில் பகுதி பகுதியாகப் பிரித்து, பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். கட்டடத்தின் பதிவேட்டு எண்ணும் கூடவே இருப்பதால் பிறகு புதுப்பிப்பதும் எளிது.

தாழ்நிலம்:
இரண்டு பேரும் சாலை, கட்டடம் பற்றியே பேசுகிறீர்கள். வெள்ளம் மணிக்கு மணி மாறுவது. ரேடார் செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் தேங்கிய நீரைத் தெளிவாகக் காட்டும். ஆனால் நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே, தெருவில் நிற்கும் தண்ணீரை அது எளிதில் தவறவிடும். மக்கள் அதிகம் குறிப்பது அந்தத் தெருக்களைத்தான். மக்கள் பதிவிலும் ஓட்டை உண்டு. மின்சாரமும் போன் இணைப்பும் போன இடத்திலிருந்து எதுவும் வராது, அதைப் பார்த்துத் ‘தண்ணீர் இல்லை’ என்று நினைத்தால் உயிரே போகலாம். தண்ணீர் வடிந்ததும் குறியை எடுப்பவர்களும் குறைவு. அதனால்தான் இரண்டையும் கலந்து ஒரே நீல நிறம் பூசுவதை எதிர்க்கிறேன். யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்பது ஒவ்வொரு தெருவிலும் தெரிய வேண்டும். தகவல் வராத தெருவுக்குத் தனி நிறம் வேண்டும்.

எல்லைக்கல்:
இதை ஏற்கிறேன். உரிமச் சிக்கலும் இருக்கிறது சார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் ஓடிபிஎல் (ODbL) என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் வருகிறது. அதோடு கலந்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். எந்தத் துறை சட்டென்று சம்மதிக்கும்? தனித்தனி அடுக்காக வைத்து, அடையாள எண்ணால் இணைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கரைவழி:
சரி, உள்ளே தனித்தனியாகவே இருக்கட்டும். படகோடு போகிறவருக்குத் திரையில் ஒரே வரைபடமாகத் தெரிய வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லைக்கல்:
அப்படியானால் என் பக்கமும் ஒரு நிபந்தனை. மக்களின் பதிவுக்கு நேரம் கேட்பதுபோல, அரசுத் தரவும் எந்த நாளில் எடுத்தது என்பதைத் துறை வெளியிட வேண்டும். தேதி இல்லாத அடுக்கை அந்தத் திரையில் காட்டக் கூடாது.